மூன்றாம் ஜன்னலில் ஒரு தட்டு

பொறாமை அவள் வீட்டுக்குள் ஒரு கண் சொட்டு மருந்துப் புட்டியின் வழியாகத்தான் முதன்முதலில் நுழைந்தது.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணில் ஆபரேஷன் ஆகி மூன்று வருடம். தினமும் இரண்டு வேளை, கண்ணுக்கு ஒரு சொட்டு. அந்த மூன்று வருடமும் சொட்டு விட்டவள் மூத்த மருமகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் மாடியிலிருந்து இறங்கி வந்த இளைய மருமகள் அந்தச் சொட்டை விட்டுவிட்டாள்.

"அடடா, விழுந்ததே தெரியலம்மா! பெரியவ விட்டா அது மூக்கு, காது, சட்டைக் காலர்னு எல்லா ஸ்டாப்பிங்லயும் நின்னுட்டுத்தான் கண்ணுக்கு வரும்!"

என்றார் மாமனார். வீடே சிரித்தது. அவள் கணவரும் சிரித்தார். ஈரத் தலையோடு கதவருகே நின்றிருந்த பெரியவளும் சிரித்தாள். சிரித்த வாய் மூடியதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது. மறுநாளிலிருந்து மாமனார் மாடிப்படியைப் பார்த்து, "சின்னவளே, கண்ணுக்கு நேரமாச்சு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

கையைத் தவிர வேறு எதைக் குறை சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். கை என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பெருமை. அந்தக் கை செய்த வேலையால்தான் பதினேழு வருடம் சோறு சாப்பிட்டிருக்கிறாள்.

அவள் வேலை செய்த இடத்துக்குள் பறவை கூடப் பறந்து வர முடியாது. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் கோல்களை நிலத்துக்கடியில் புதைப்பதற்கு முன் பக்குவப்படுத்தும் கட்டடம் அது. ஒவ்வொரு கோலுக்கும் மேலே ஓர் உலோக உறை உண்டு. அந்த உறையோடு புதைத்தால் பின்னாளில் ஈரம் பட்டு அரித்து, வாயு கிளம்பித் தொல்லை கொடுக்கும். ஆகவே கோலை ஒரு கரைசல் தொட்டியில் இறக்கி உறையை மட்டும் கரைத்து எடுத்துவிட வேண்டும். படித்தவர்கள் அதற்கு நீளமாக ஏதோ பெயர் சொல்வார்கள். வேலை செய்பவர்கள் 'சட்டை கழற்றுவது' என்பார்கள்.

கோல்கள் இருக்கும் அறைக்குள் மனிதர் காலடி வைக்கவே கூடாது. நடுவில் ஒன்றேகால் மீட்டர் கனத்தில் பழுப்பேறிய கண்ணாடி. சுவரின் இந்தப் பக்கம் இரண்டு கைப்பிடிகள், அந்தப் பக்கம் இரண்டு இரும்புக் கைகள். இங்கே விரலை மடக்கினால் அங்கே இடுக்கி மடங்கும். கண்ணாடி பொய் சொல்லும். பக்கத்தில் இருப்பதாகக் காட்டும் பொருள் உண்மையில் அரைச் சாண் தள்ளி இருக்கும். அந்தப் பொய்யைப் பழகிக்கொள்ளவே இரண்டு வருடம் ஆகும்.

அவள் அங்கே சேர்ந்தது ஜன்னல் துடைக்கும் வேலைக்கு. ஒரு நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து, பயிற்சி மேடையில் இருந்த ஒரு நட்டை எடுத்து போல்ட்டில் மாட்டிவிட்டாள். பின்னால் யாரோ இருமினார்கள். வேலை போயிற்று என்று நடுங்கித் திரும்பியவளிடம் அந்த நாளைய அதிகாரி, "இன்னொரு தடவை மாட்டும்மா, பாக்கலாம்" என்றார். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. அதற்குப் பிறகு மூன்றாம் ஜன்னலுக்கு அவள்தான் முதல் கை. கட்டடத்தில் அவளை 'மூணாம் ஜன்னல்' என்றே சொல்வார்கள். "மூணாம் ஜன்னல் இன்னைக்கு லீவா?" என்று யாராவது கேட்டால் அவளுக்கு உள்ளுக்குள் குளிரும்.

சின்னவளை அங்கே கொண்டு வந்து சேர்த்ததும் அவள்தான். கொழுந்தனுக்கு முதுகு வலி வந்து நின்று வேலை செய்ய முடியாமல் போனபோது, "சின்னவ வீட்ல சும்மாதானே இருக்கா, எங்க துணி துவைக்கிற பிரிவுல ஆள் எடுக்குறாங்க" என்று சொல்லிச் சேர்த்துவிட்டாள். மூன்று வருடம் சின்னவள் ஊழியர்களின் மேலங்கிகளைத் துவைத்துக்கொண்டு கிடந்தாள். அப்போதெல்லாம் ஓரகத்திகள் இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவார்கள். ஜன்னலோர இடத்தைச் சின்னவள் எப்போதும் அக்காவுக்கே விட்டுக்கொடுப்பாள்.

ஜன்னல் வேலைக்கு ஆள் தேவை என்று பலகையில் ஒட்டியதும் சின்னவளும் எழுதிப் போட்டாள். சோதனையில் தேறிவிட்டாள். ஆறு மாதத் தகுதிகாண் காலம், மூன்றாம் ஜன்னலில், இரண்டாம் கையாக.

"துவைக்கிற சட்டையை விட்டுட்டு கழட்டுற சட்டைக்கு வந்துட்டேன்க்கா" என்று முதல் நாள் அவள் சிரித்தபோது பெரியவளும் மனதாரத்தான் சிரித்தாள்.

மூன்றாம் ஜன்னலின் இடது கைப்பிடி பல வருடமாகவே முரடு. எண்ணெய் போட்டும் பயனில்லை. பெரியவள் அதைத் தொடுவதே இல்லை, எல்லாவற்றையும் வலது கையாலேயே சமாளிப்பாள். சின்னவளோ பிறவியிலேயே இடது கைக்காரி. வந்த இரண்டாம் வாரமே அந்த முரட்டுக் கையைப் பிடித்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து மூன்று வருடமாக யாராலும் எடுக்க முடியாமல் கிடந்த ஒரு வளையத்தைப் பூப் பறிப்பது போலப் பறித்து மேடையில் வைத்தாள்.

ஷிப்ட் அதிகாரி கை தட்டிவிட்டார். "மூணாம் ஜன்னலம்மா! உங்க வீட்ல ஆளுங்களுக்கு கையை வாடகைக்கு வாங்கி மாட்டி விடுறாங்களா என்ன? இனிமே இவங்கதான் முதல் கைன்னு வெச்சுக்கலாம் போலிருக்கே!"

வேடிக்கையாகச் சொன்னது. ஆனால் வேடிக்கைக்குப் பல் இல்லை என்று யார் சொன்னது? அது பெரியவளின் இதயத்தைக் கவ்விப் பிடித்தது.

"நொட்டாங்கைக்கு நொட்டாங்கை சரியாப் போச்சு" என்றாள் பெரியவள். சொன்ன பிறகுதான் அதில் எவ்வளவு கசப்பு இருந்தது என்று அவளுக்கே கேட்டது. சின்னவளுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அவள் சிரித்தாள்.

வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தால் நாலு வார்த்தை பேசிவிட்டு, "சித்தி இல்லையாம்மா? சித்திகிட்ட குடு" என்பாள். கணவர் சட்டையில் பொத்தான் அறுந்தால், "சின்னவ மாடியில இருக்காளா?" என்பார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் கொடுமை. வேண்டுமென்று செய்தால் சண்டை போடலாம், அழலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். இதற்கு என்ன செய்வாள்? எல்லோரும் நல்லவர்களாக இருக்கும் ஒரு வீட்டில் எரிந்து சாம்பலாவது எவ்வளவு கடினம்!

அந்த எரிச்சலில்தான் அவள் தட்டை மறைத்தாள்.

தட்டு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கோல்களைக் கூடையில் வைத்துக் கரைசலில் இறக்கினால், உலோகச் சட்டை கரையும்போது சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழ் கிளம்பும். சட்டை மெலிய மெலியக் குமிழ் குறையும். குமிழ் நின்று பத்து நிமிடம் ஆனால் சட்டை முழுவதும் போய்விட்டது என்று விதிப் புத்தகம் சொல்கிறது. பதிவேட்டில் 'கழன்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூடையைத் தூக்கிவிடலாம். ஆனால் பழைய கோல்களில் சில சமயம் கரைந்த கசடு மேலே போர்வை போலப் படிந்துவிடும். உள்ளே சட்டை மிச்சமிருக்கும், குமிழ் மட்டும் மூச்சடங்கிப் போயிருக்கும். இதைப் பெரியவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடமே கண்டுபிடித்திருந்தாள். குமிழ் நின்றதும் இரும்பு விரலால் கூடையின் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவாள். கசடு உதிரும். சட்டை மிச்சமிருந்தால் குமிழ் மறுபடி கிளம்பும். அதற்குப் பிறகு அவள் அனுப்பிய ஒரு கூடை கூடத் திரும்பி வந்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் அந்தத் தட்டை ஒளித்துத் தட்டினாள். "போய் பதிவேட்டை எடுத்துட்டு வா" என்பாள். "அந்த மீட்டர் என்ன காட்டுதுன்னு பாத்துட்டு வா" என்பாள். சின்னவள் திரும்பி வருவதற்குள் தட்டி முடித்திருப்பாள். சமையலறையில் ஒளித்துத் தின்கிற மருமகள் மாதிரி!

தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. கோல்களை ஆறவைக்கும் பழைய குளத்தில் பல வருடம் ஊறிக் கிடந்தவை முதல் முறையாக வந்திருந்தன. மேலெல்லாம் துருவும் பாசியுமாய்ப் பார்க்கவே அருவருப்பு. "இந்தக் கூடை முழுக்க சின்னவங்க பண்ணட்டும். நீங்க பக்கத்துல இருங்க, போதும்" என்று ஷிப்ட் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவள் கூடையை இறக்கினாள். தொட்டி பொங்கியது. மூன்று மணி நேரம் கழித்து மெல்ல அடங்கியது. கடைசிக் குமிழ் எழுந்து உடைந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. தொட்டி தூங்குகிற குழந்தை மாதிரி கிடந்தது.

பெரியவள் பார்த்தாள். கோல்களின் மேல் கறுப்பாய், கனமாய், அந்தப் போர்வை. அது என்னவென்று அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சின்னவள் திரும்பினாள். "கழண்டுருச்சாக்கா?"

நேரான கேள்வி. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. கூடவே மாமனாரின் குரலும், அதிகாரியின் கைதட்டலும், "சித்திகிட்ட குடு"வும் வந்தன. வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்றாள் பெரியவள்.

"பத்து நிமிஷம்."

"அப்புறம் என்ன கேள்வி?"

சின்னவள் 'கழன்றது' என்று எழுதினாள். அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாம் நாள் மதியம் கூடை திரும்பி வந்தது. அடுத்த அறையில் கேமராவில் பார்த்தவர்கள் ஒன்பது கோல்களில் சட்டைத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் வர வேண்டிய கூடைகளின் வரிசை முழுவதும் நின்றது.

ஷிப்ட் அதிகாரியின் அறையில் சின்னவள் நின்றாள். பெரியவள் அவளுக்கு ஓரடி பின்னால்.

"உங்க கையைப் பார்த்து நான்தான் ஏமாந்துட்டேன். கை மட்டும் இருந்தா போதுமா? கண் வேணாமா? முழுசா கழண்டுருச்சான்னு தெரியாமயே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"பன்னெண்டு நிமிஷம் பாத்தேன் சார்."

"பக்கத்துல பதினேழு வருஷ அனுபவம் உக்காந்திருந்துச்சே, அவங்ககிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

பெரியவள் சின்னவளின் முதுகையே பார்த்தாள். இதோ சொல்லப் போகிறாள். சொல்லட்டும். சொல்லிவிட்டால் கூடப் பரவாயில்லை.

"கேட்டேன் சார். அக்கா புஸ்தகப்படிதான் சொன்னாங்க. அவங்க மேல தப்பு இல்ல. அவங்க பாத்திருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்க, கூடை என் பொறுப்புங்கறதால விட்டுட்டாங்க. நான்தான் சரியா கவனிக்கல."

"தகுதிகாண் காலம் நீட்டிக்க என்னால முடியாது. திங்கட்கிழமை துவைக்கிற பிரிவுக்கே போயிடுங்க."

சின்னவள் தலையசைத்தாள். அழவில்லை. வெளியே வந்ததும், "நீங்க போங்கக்கா, நான் அலமாரியைக் காலி பண்ணிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

பெரியவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மூன்றாம் ஜன்னல் மறுபடியும் அவளுடையது, முழுவதும். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் நடைபாதையில் நடந்தாள்.

வெளியே போகும் வாசலில் ஓர் இயந்திரம் உண்டு. இரண்டு கைகளையும் அதற்குள் நுழைக்க வேண்டும். கையில் கதிர்வீச்சுத் தூசி ஏதும் ஒட்டியிருந்தால் சிவப்பு விளக்கு அலறும். இல்லையென்றால் பச்சை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காவலாளி ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் ஒரே வார்த்தையைச் சொல்வார். பதினேழு வருடமாக அவளிடமும் சொல்லியிருக்கிறார்.

அவள் கைகளை நுழைத்தாள். பச்சை எரிந்தது.

"கை சுத்தம்மா. போலாம்."

அவள் போகவில்லை. கைகளை வெளியே எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் உள்ளே நுழைத்தாள்.

"அட, சுத்தம்னுதான் சொல்லுது. இன்னும் எத்தனை தடவை கேப்பீங்க?" என்று காவலாளி சிரித்தார்.

"உங்க மிஷின் சரியில்லண்ணே" என்றாள் அவள். குரல் உடைந்து, கண்ணீர் பொலபொலவென்று அந்த இயந்திரத்தின் மேலேயே கொட்டியது. பதறிப்போய் எழுந்த காவலாளி மிஷினைத் தட்டிப் பார்ப்பதற்குள் அவள் வந்த வழியே திரும்பி நடந்துவிட்டாள்.

ஷிப்ட் அதிகாரியின் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். தட்டைச் சொன்னாள், ஒளித்ததைச் சொன்னாள், போர்வையைப் பார்த்தும் பேசாமல் இருந்ததைச் சொன்னாள். பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தி, சின்னவளை வரவழைத்தார். "இப்ப சொல்லுங்க. முதல்லேர்ந்து." ஒருமுறை சொல்வதே சாவு. சின்னவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாம் முறை!

சொல்லி முடித்தாள்.

"இத்தனை வருஷமா பண்ணினதை ஏன் ஒரு வரி எழுதி வைக்கல?" என்று கேட்டார் அதிகாரி.

"எழுதிட்டா அது எல்லாருக்கும் வந்துரும் சார். எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

அவர் விதிப் புத்தகத்தை இழுத்துத் தன் முன்னால் வைத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். மூன்று மாதம் பெரியவள் கைப்பிடியைத் தொடக் கூடாது, பின்னால் மேசையில் உட்கார்ந்து பதிவேடு எழுத வேண்டும். தட்டுவது எப்படி என்பதை அவள் வார்த்தையிலேயே விதிப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும். சின்னவள் போக வேண்டாம்.

சின்னவள் நன்றி சொல்லவில்லை. காலில் விழவில்லை, கட்டிப் பிடித்து அழவில்லை. வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அஞ்சு மாசமா பதிவேடு எடுத்துட்டு வான்னு அனுப்பினது எல்லாம் அதுக்குத்தானா?"

"ஆமா."

"தினமும் ஓடி ஓடிப் போனேன்" என்றாள் சின்னவள். "அக்கா காத்திருப்பாங்கன்னு."

பஸ் வந்தது. பெரியவள் ஏறினாள். சின்னவள் அடுத்த பஸ்ஸில் வந்தாள்.

ஒன்பது நாள் மாடிக்கும் கீழுக்கும் பேச்சு இல்லை. "என்னம்மா, வீட்ல யாராவது பிரேக் போட்டுட்டீங்களா?" என்று மாமனார் கேட்டார். கணவரிடம் பெரியவள் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. "நான் உன்னை அவகூட எப்பவாவது ஒப்பிட்டனா?" என்று கேட்டார். ஒப்பிடாமலே தன்னை எரித்தவர்களில் அவரும் ஒருவர் என்று எப்படி விளக்குவாள்? "இல்லைங்க" என்றாள்.

பத்தாம் நாள், திரும்பி வந்த கூடைக்கு இரண்டாம் முழுக்கு. சின்னவள் ஜன்னலில், பெரியவள் பின்னால் மேசையில். அதிகாரி சுவரோடு சாய்ந்து நின்றார். தொட்டி பொங்கி, குறைந்து, அடங்கியது. சின்னவள் இரும்பு விரலைக் கூடையின் விளிம்புக்குக் கொண்டு போனாள். நிறுத்தினாள்.

"எவ்வளவு பலமா?" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே.

பெரியவளின் பேனா நின்றது. "தூங்குறவரை எழுப்புற மாதிரி இல்ல. தூங்குறாரா, நடிக்கிறாரான்னு பாக்குற மாதிரி."

சின்னவள் தட்டினாள். கசடு உதிர்ந்தது. அடியிலிருந்து நூல் போல ஒரு குமிழ் வரிசை எழுந்தது. முதல் தட்டிலேயே! பெரியவளுக்கு அது கைவர ஒரு வருடம் பிடித்தது. அந்த நேரத்திலும், அத்தனை அழுது முடித்த பிறகும், அவள் நெஞ்சில் அதே பழைய முள் சுருக்கென்றது. பாழாய்ப்போன மனது, அது திருந்தவே இல்லை.

குமிழ் அடங்கக் கால் மணி நேரமாயிற்று. சின்னவள் மறுபடியும் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.

"இரு" என்றாள் பெரியவள். "கோலோட அடி மூடி கனமா இருக்கும். அதுக்குத் தனியா கீழேர்ந்து ஒரு தட்டு இருக்கு. முரட்டுக் கையால. என்னால சரியா வராது. உன்னால வரும்."

சின்னவள் இடது கையைத் தாழ்த்திக் கீழிருந்து தட்டினாள். குமிழ்கள் கொத்தாகக் கிளம்பின. அதிகாரி ஜன்னலுக்கு அருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஏதாவது மறைச்சு வெச்சிருக்கீங்களா?" என்றாள் சின்னவள்.

"இல்ல."

"சத்தியமா?"

பெரியவள் பேனாவைக் கீழே வைத்தாள். "உன் வலது கைப்பிடியில ஒரு திருகு லூசா இருக்கு. அதான் உனக்கு அது ஆடுது. ரெண்டு மாசமா எனக்குத் தெரியும்."

அதிகாரி இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். ஒன்பது நாளுக்குப் பிறகு சின்னவள் முதல் முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. பிறகு பேனாவுக்காக நீட்டிய அதே கையை மறுபடியும் நீட்டினாள்.

"ஸ்க்ரூ டிரைவரை எடுங்க."

அக்கா என்ற சொல் அதில் இல்லை. பெரியவள் மேசை இழுப்பறையைத் திறந்து, துழாவி, சரியான அளவுள்ளதைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.